பட்டியலில் விடுபட்ட சாமி

“தண்ணீர்க் குழு, ஏழாவது கூட்டம். தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி. இடம்: முன்பள்ளி. வந்தவர்கள் பத்தொன்பது பேர். சிஸ்டரின் இடமாற்றக் கடிதம் வாசிக்கப்பட்டது. உயிர்த்த ஞாயிறு கழிந்த புதன்கிழமை அவர் இங்கிருந்து புறப்பட வேண்டும். தீர்மானம்: அதற்கு முன் மேல் லயத்துக்குத் தண்ணீர் வர வேண்டும். எல்லோரும் கை உயர்த்தினார்கள்.”

நீல மையில், என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. கூட்டத்தின் செயலாளர் நான். தோட்டத்து முன்பள்ளியின் ஆசிரியையும் நான்தான். எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பவை மாரியம்மன் படமும் முருகன் படமும். தவக்காலம் என்றால் அதுவரை எனக்குத் தெரிந்தது, கன்னியர் மடத்துச் சமையலறையில் இறைச்சி வேகாத காலம் என்பது மட்டுமே. ஆனாலும் அந்த வருடத்துக் கூட்டக் குறிப்புக் கொப்பியில் எல்லாத் திகதிகளும் அப்படித்தான் இருக்கின்றன: தவக்காலத்து இரண்டாம் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு, உயிர்த்த ஞாயிறுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்திய குருத்தோலை ஞாயிறு. பெட்ரோல் வரிசைகள் ஓய்ந்ததற்கு அடுத்த வருடம் அது. சிஸ்டர் எங்களோடு இருக்கும் நாட்களை அளக்க எனக்கு வேறு கலண்டர் இருக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லையில் பிரதான வீதியை விட்டு மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளைத்தான் லயம் என்போம். கீழ் லயத்துக்குப் பக்கத்தில்தான் பீலி, அதாவது பாறையிலிருந்து இறங்கும் நீரை ஓர் இரும்புக் குழாயால் விழவிட்டிருக்கும் இடம். அங்கிருந்து எங்கள் மேல் லயத்துக்கு நூற்றெண்பத்தாறு படி. நானே எண்ணியது. ஒரு மழையில் இரண்டு படி உடைந்து போனபின் நூற்றெண்பத்து நாலு. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த தோளில் குடத்தை ஏற்றிக்கொண்டு எங்கள் பெண்கள் அந்தப் படிகளை ஏறுவார்கள். நானும் ஏறியிருக்கிறேன்.

சிஸ்டர் டவுன் மடத்திலிருந்து முதலில் இங்கே வந்தது முன்பள்ளிப் பிள்ளைகளை நிறுத்து நிறை பார்க்க. மன்னார்ப் பக்கத்துக்காரர். கட்டையான உருவம், மூச்சு வாங்கும், மலை ஏறிப் பழக்கமில்லை. மேல் லயத்தில் ஒரு வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். அந்த வீட்டுக்காரி அரை டம்ளர் கொடுத்துவிட்டுக் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். சிஸ்டர் அதைக் கவனித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தவர், அவளுடைய வெறுங்குடம் ஒன்றை வாங்கிக்கொண்டு பீலிக்கு இறங்கினார். ஏறி வரும்போது அங்கி முழங்கால்வரை நனைந்திருந்தது.

“என்னங்க சிஸ்டர், பாதிய படிக்கட்டுக்கே குடுத்துட்டீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். லயமே சிரித்தது.

“படிக்கும் தாகம் இருக்கும்தானே, பிள்ளை” என்றார் அவர், படியிலேயே உட்கார்ந்துகொண்டு.

ஏழாம் நம்பர் மலைக்கு மேலே ஓர் ஊற்று இருப்பதை அவருக்குக் காட்டியது நான். எங்கள் ஊரில் மலை என்றால் தேயிலை நிற்கும் நிலத்துண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஊற்றில் ஒரு சிறு தொட்டி கட்டி, தேயிலைக்கு நடுவே குழாய் புதைத்துக் கீழே கொண்டுவந்தால் தண்ணீர் தானாகவே லயத்துக்கு இறங்கிவிடும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. யாராவது முன்னின்று செய்ய வேண்டும், அவ்வளவுதான். மடம் குழாய்களைத் தந்தது. உழைப்பு எங்களுடையது. தோட்டத்தை நடத்தும் துரையின் அனுமதிக் கடிதத்துக்கு மட்டும் ஐந்து மாதம் ஆயிற்று.

முதலில் ஊரில் சந்தேகம் இல்லாமல் இல்லை. முதல் கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்: “ஞானஸ்நானம் எடுத்தாத்தான் தண்ணி வருமாங்க?”

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்: “முதல்ல தண்ணி வரட்டும். தலைய நனைக்கிறதோ, சோறு ஆக்கிறதோ, அது உங்கட பாடு.”

அன்று கேட்டவர்தான் பிறகு எல்லா ஞாயிறும் மண்வெட்டியோடு முதல் ஆளாக வந்தார்.

சிஸ்டர் கவனமான மனுஷி. வேலை தொடங்குமுன் என்னிடம் சொன்னார்: “டீச்சர், இந்தத் தோட்டத்தில உள்ள சாமிமார் எல்லாரையும் எனக்கு எழுதித் தாங்கோ. ஒருத்தரையும் விடக்கூடாது. ஆருடைய இடத்திலயும் தெரியாம மண்வெட்டி படக்கூடாது.” நான் எழுதிக் கொடுத்தேன். மாரியம்மன் கோயில், முருகன் கோயில், ரோட்டோரத்து முனியாண்டி, ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குள் இயந்திரச் சக்கரத்தோடு இருக்கும் ரோதமுனி. ஒவ்வொன்றுக்கும் இடம், பூசை நாள், யாரைக் கேட்க வேண்டும் என்ற விவரம். அவர் தட்டில் வெற்றிலையும் பழமும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பூசாரியிடமும் கோயில் தலைவரிடமும் போய்க் கேட்டார். எல்லோரும் சம்மதித்தார்கள். அந்தப் பட்டியலின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. நல்ல பட்டியல். அதில் ஒரு சாமி இல்லை.

கவ்வாத்துச் சாமிக்குக் கோயில் கிடையாது, பூசாரியும் கிடையாது. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு மலையின் தேயிலையைத் தறித்துவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. வளைந்த கத்தியால் ஆண்கள் செய்யும் வேலை, கொஞ்சம் தவறினாலும் கால் போய்விடும். முதல் செடியை வெட்டுமுன் அந்த மலையில் கிடக்கும் ஒரு கல்லை நிமிர்த்தி வைத்துக் கழுவி, விபூதி குங்குமம் பூசிச் சேவல் அறுத்துப் பூசை வைப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கல் மறுபடி சாய்ந்து புதருக்குள் போய்விடும். அடுத்த கவ்வாத்து வரை அது வெறும் கல். ஏழாம் நம்பர் மலையில் கடைசியாகக் கவ்வாத்து நடந்தது நான் முன்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த வருடம். அதன்பின் அந்தக் கல்லை நான் பார்க்கவில்லை. பார்க்காததால் எழுதவும் இல்லை.

என் வீட்டுக்காரர் மேசன் பாஸ். மொனராகலைப் பக்கத்திலிருந்து வந்து என்னைக் கட்டியவர். தேயிலை வேலை அவருக்குத் தெரியாது. ஊற்றடியில் தொட்டி கட்டியது அவர்தான். தவக்காலத்து நான்காம் ஞாயிறுக் குறிப்பில் நான் எழுதியிருக்கிறேன்: “தொட்டிக்கான கற்கள் அருகிலேயே பொறுக்கப்பட்டன. வேலை விரைவாகப் போகிறது.” ஆட்கள் கல் பொறுக்கிய நேரத்தில் நான் பத்தடி தள்ளி ஒரு பலகையில் உட்கார்ந்து, வந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்திருந்தால் கண்டிருப்பேன்.

குருத்தோலை ஞாயிறன்று தொட்டிக்கு உள்ளும் புறமும் சீமெந்து பூசி முடிந்தது. குழாய் லயத்து வாசல்வரை வந்துவிட்டது. சனிக்கிழமை திறப்பது என்று முடிவானது. அடுத்த புதன் சிஸ்டர் போக வேண்டும். மூன்று நாட்களாவது அவர் அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போவார் என்று கணக்குப் போட்டு, கொப்பியில் அந்த மூன்று நாட்களையும் கோடிட்டு வைத்தேன்.

போயாவுக்கு, அதாவது பௌர்ணமிக்கு மறுநாள், பெரிய வியாழன். காலை ஏழரை மணி. கவ்வாத்துக் கங்காணி எங்கள் வாசலில் வந்து நின்றார். கவ்வாத்து ஆட்களின் தலைவர், எனக்குத் தூரத்து மாமா முறை. சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு ஏழாம் நம்பரில் கத்தி வைப்பதாக இருந்தது. இடத்தைச் சுத்தம் செய்ய முந்திய நாள் போயிருக்கிறார்.

“பாஸ் இருக்காரா?”

“இருக்காரு மாமா, உள்ள வாங்க.”

அவர் உள்ளே வரவில்லை. “ஊத்துக்குக் கீழ ஒரு கறுப்புக் கல்லு கெடந்துச்சே. முழங்கா உயரம். ஒரு பக்கம் மழுங்கலா இருக்கும்.”

என் வீட்டுக்காரர் வாய் கொப்பளித்துக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னார்: “ஓ, அதுவா மாமா! நல்ல கல்லு. ரெண்டு பேரு தூக்குனோம். டேங்கி மூலைக்கு அச்சா உக்காந்துச்சு.”

கங்காணி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்க ஓர் இடம் தேடி நின்றது நினைவிருக்கிறது.

“டீச்சர்” என்றார் அவர். முறை சொல்லிக் கூப்பிடுகிறவர் அன்று அப்படிக் கூப்பிட்டார். “எல்லாச் சாமியையும் எழுதுனியாமே. எங்க சாமிய செவுத்துக்குள்ள வச்சுப் பூசிட்டு, எதம்மா எழுதுன?”

ஒன்பது மணிக்குள் சிஸ்டர் வந்துவிட்டார். பெரிய வியாழன், கோயிலில் ஆயிரம் வேலை. ஆனாலும் வந்தார். கவ்வாத்து ஆட்கள் எட்டுப் பேர் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சுவர் வழுவழுவென்று இருந்தது. எந்த மூலை என்று என் வீட்டுக்காரர் காட்டினார். காட்டினாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

“உடைப்பம்” என்றார் சிஸ்டர் உடனே. “எடுத்து வெளியால வைப்பம். சுவரைத் திரும்பக் கட்டலாம்.”

“சாமி மேல கடப்பாரை படணுமாங்க?” என்றார் கங்காணி.

கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார்: “சாமிக்கு இப்ப லயத்தவிட நல்ல வீடு கெடச்சிருக்கு. ஒழுகாது.” அவருக்கு ஒரு முறைப்பு கிடைத்தது. ஆனால் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கங்காணி தன் ஆட்களோடு தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்து முடிவைச் சொன்னார். சாமி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். இனி அந்தத் தொட்டி மூலைதான் அதன் இடம். அங்கே பூசை வைத்த பிறகே தண்ணீரைத் திறக்கலாம். ஆனால் கவ்வாத்துச் சாமிக்குத் தேய்பிறையில் பூசை இல்லை. அடுத்த வளர்பிறை வரவேண்டும்.

நான் மனதுக்குள் எண்ணினேன். உயிர்த்த ஞாயிறு எந்த வருடமும் ஒரு பௌர்ணமிக்குப் பின்னால்தான் வரும். அதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆகவே அதை அடுத்து வருவது எப்போதும் தேய்பிறை. அவர்களுடைய நிலாவும் எங்களுடைய நிலாவும் ஒன்றுதான். அமாவாசை வர இரண்டு கிழமை, பதினாலு நாள் இருந்தது. சிஸ்டருக்கு இருந்தது ஆறு நாள்.

“வேற வழி இல்லையா மாமா?” என்று கேட்டேன்.

இருந்தது. தெரியாமல் தப்புச் செய்தவர், யாருடைய வேலையோ அவர், கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டு, தப்பை ஒத்துக்கொண்டு விபூதி பூசிக்கொண்டால் சாமி தள்ளி நிற்கும். பிறகு தேய்பிறையிலும் திறக்கலாம், பூசையைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

“நான் விழுறேன். பட்டியல் என்னோடது.”

“பட்டியல் ஒன்னோடது. வேலை அவங்களோடது.”

எல்லோரும் சிஸ்டரைப் பார்த்தார்கள். அவர் அந்த மூலையைப் பார்த்தார். பிறகு கங்காணிக்கு முன்னால் வந்து கைகூப்பினார். “உங்களிட்டயும் இந்தப் பிள்ளையளிட்டயும் நான் மன்னிப்புக் கேக்கிறன், ஐயா. பிழை என்ரதுதான். காலில விழச் சொன்னாலும் உங்கட காலில விழுவன். ஆனா கல்லுக்கு முன்னால விழ என்னால ஏலாது. தண்ணிக்காக நான் நம்பாததை நம்பின மாதிரி நடிச்சா, உங்கட சாமிக்கும் அது மரியாதையில்லை, என்ர ஆண்டவருக்கும் மரியாதையில்லை.”

கங்காணி பதறி இரண்டடி பின்னால் போனார். “ஐயோ, எங்க கால்ல எதுக்குங்க சிஸ்டர்!” பிறகு தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: “அவங்க சாமிக்கு அவங்க உண்மையா இருக்காங்க. நம்ம சாமிக்கு நாம இருக்க வேணாமாடா?”

அதோடு பேச்சு முடிந்தது. சண்டை இல்லை. சண்டை வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், யாராவது ஒருவர்மேல் கோபப்பட்டிருப்பேன். அன்று மத்தியானம் கங்காணியின் மனைவி சிஸ்டருக்குச் சோறு போட்டாள்.

சிஸ்டர் மடத்துத் தலைவிக்குத் தொலைபேசியில் பேசினார். இரண்டு கிழமை தள்ளிப் போட முடியுமா என்று கேட்டாராம். “தண்ணி நீங்கள் இல்லாமலும் ஓடும் எண்டு சொல்லிச்சினம்” என்றார் என்னிடம். “உண்மைதானே.” சிரிக்கப் பார்த்தார். கீழ்ப்படிவதாக வார்த்தைப்பாடு எடுத்தவர்களுக்குப் போ என்றால் போகவேண்டும், அவ்வளவுதான் என்றார்.

செவ்வாய்க்கிழமை, வெட்கமில்லாமல், நான்தான் கேட்டேன். “சிஸ்டர், நாளைக்குக் காலையில எல்லாரும் பெரட்டுல பேரு குடுத்துட்டு வேலைக்குப் போயிருவாங்க. லயத்துல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க. இவரு மேல போயி வால்வ கொஞ்சம் தொறக்கட்டும். ஒரு வாளி. நீங்க பாத்துட்டுப் போயிருங்க.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “களவாத் தண்ணி குடிக்கவோ நான் ரெண்டரை வருஷம் இந்த மலை ஏறினனான், டீச்சர்?”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ரெண்டரை வருடத்தில் நாங்கள் பேசாத விஷயம் இல்லை. நான் படித்த புத்தகங்களைப் பற்றிக் கேட்க அந்தத் தோட்டத்தில் இருந்த ஒரே ஆள் அவர்தான். நான் எழுதிய கூட்டக் குறிப்புகளைக் கதைப் புத்தகம்போல உட்கார்ந்து வாசிப்பார். “இதில ஆர் இருமினது எண்டு மட்டும்தான் எழுதேல்ல” என்று கேலி செய்வார். அதற்கடுத்த கூட்டத்தில் யார் இருமியது என்றும் எழுதினேன்.

புதன்கிழமை, காலை ஒன்பது ஐந்து பஸ். சந்தியில் முப்பது பேருக்குமேல் நின்றோம். சிஸ்டரிடம் ஒரே ஒரு பயணப் பை. யாரோ தேயிலைப் பொட்டலம் கொடுத்தார்கள், யாரோ கொய்யாப்பழம். ஏறும்போது என்னிடம், “இருமலுக்கு மருந்து எடுங்கோ, சும்மா விடாதேங்கோ” என்றார். அவர் கடைசியாகச் சொன்னது அது. பஸ் வளைவில் திரும்பிய பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொன்னேன், என்ன என்று நினைவில்லை. கொப்பியிலும் இல்லை.

வருடப் பிறப்புக்கும் பீலித் தண்ணீரைச் சுமந்துதான் பொங்கினோம். அமாவாசை வியாழக்கிழமை வந்தது. அதற்கடுத்த ஞாயிறு காலை, தொட்டியின் அந்த மூலையில் கங்காணி மூன்று கோடு விபூதி இழுத்தார். சேவல் அறுத்தார்கள். கத்திகளை வரிசையாக வைத்துக் கும்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் விழுந்து கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். பிறகு வால்வு திறந்தது. லயத்து வாசலில் குழாய் முதலில் காற்றைத் துப்பியது, அதன்பின் செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிவாக. காலை பத்து நாற்பது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்தார்கள். என்னையும் நனைத்தார்கள். “டீச்சர் அழுவுறாங்களா, தண்ணியா?” என்று யாரோ கேட்டதற்கு, “ரெண்டும்தான், நீ புடி வாளிய” என்று பதில் வந்தது.

அன்று சாயந்தரமே சிஸ்டருக்குக் கடிதம் எழுதினேன். நேரம், நிறம், யார் முதல் குடம் பிடித்தது, எல்லாம். ஒன்றரை மாதம் கழித்து, அவர் மாற்றலாகிப் போன வடக்கு மடத்திலிருந்து வேறொரு சிஸ்டர் இரண்டு வரி எழுதியிருந்தார்: அவர் இப்போது இங்கே இல்லை, வேறு இடத்துக்குப் போயிருக்கிறார், உங்கள் கடிதத்தை அனுப்பி வைக்கிறோம். எந்த இடம் என்று எழுதவில்லை. இரண்டாவது கடிதத்துக்குப் பதில் இல்லை. மூன்றாவது, உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது.

இப்போதும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொப்பியில் பக்கம் பிரித்து முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு என்று எண்ணிக்கொண்டு போகிறேன். எண்ணி முடிந்தாலும் யாரும் எங்கும் போகப்போவதில்லை. குழாயடியில் குடம் நிறையும் சத்தம் கேட்கும்போது, இதைக் கேட்கவேண்டியவர் கேட்கவில்லையே என்று ஒவ்வொரு காலையிலும் தோன்றுகிறது. பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை.

சென்ற வருடம், ஐப்பசி மழை தொடங்கிய கிழமை, பயிற்சி ஒன்றுக்காக மூன்று நாள் பதுளைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் முன்பள்ளியில் எனக்கு உதவியாக இருக்கும் பெண் ஒரு விஷயம் சொன்னாள். எல்ல ஊர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், எங்கள் தோட்டத்துக்குப் புதிது.

“டீச்சர், நீங்க இல்லாதப்ப ஒரு அம்மா வந்தாங்க. மேல் லயத்துக் கொழாய்ல தண்ணி புடிச்சிக் குடிச்சாங்க. மூஞ்சி கழுவுனாங்க. அங்கயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க.”

“சிஸ்டரா?”

“சிஸ்டர்னா வெள்ளையில வருவாங்கள்ல? இவங்க சாதாரண சேலைங்க. தலையில ஒண்ணும் போடல. சிஸ்டர நான் எங்கங்க பாத்தேன்?”

“பேச்சு எப்பிடி இருந்துச்சு?”

“நம்ம பேச்சு இல்லைங்க. என்னைய பிள்ளைன்னு கூப்புட்டாங்க. ‘இந்தத் தண்ணி எண்டைக்குப் பிள்ளை வந்தது’ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியலையே, டீச்சருக்குத்தான் தெரியும், அவங்க பதுளைக்குப் போயிருக்காங்கன்னேன். சரின்னு போயிட்டாங்க.”

எந்த நாள் என்று கேட்டேன். செவ்வாயா புதனா என்று அவளுக்கு நிச்சயமில்லை. பெயர் கேட்டு வைக்கவில்லை. கங்காணி அந்த இரண்டு நாளும் ஏழாம் நம்பர் மலையில் நின்றிருக்கிறார். ஒரு பெண் படி இறங்கிப் போனதைக் கண்டதாகவும், நடை சிஸ்டருடைய நடைபோல இருந்ததாகவும், ஆனால் மூடுபனியில் முகம் தெரியவில்லை என்றும் சொன்னார். சந்திக் கடையிலும் கேட்டேன், பஸ் கண்டக்டரிடமும் கேட்டேன். யாருக்கும் நினைவில்லை. அந்தக் கிழமை மடத்துக்கு எந்த சிஸ்டரும் விருந்தாளியாக வரவில்லை என்று டவுன் மடத்தில் சொன்னார்கள். வந்தவர் சிஸ்டர்தானா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.